மாதந்தோறும் கிரிவலம்

ரெஸ்யூமில் ‘பொழுதுபோக்கு’ என்ற இடத்தில் உண்மையை எழுதியவர் யாராவது இருந்தால் அவரைக் கும்பிடத் தயாராக இருக்கிறேன். ‘புத்தகம் படித்தல்’ என்று எழுதுகிறவன் கடைசியாகப் படித்தது பத்தாம் வகுப்புப் பாடப்புத்தகமாக இருக்கும். நான் ஒரு படி மேலே போய் ‘மாதந்தோறும் கிரிவலம்’ என்று எழுதினேன். (திருவண்ணாமலையில் படிக்கிறேன், மலையைத் தினமும் பார்க்கிறேன், சுற்றினாயா என்று யார் கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான்.)

அப்போது சமூகப்பணி முதுகலை, அதாவது எம்.எஸ்.டபிள்யூ., கடைசி வருடம். இரண்டு மாதம் இன்டர்ன்ஷிப் போயாக வேண்டும். நாங்கள் மூன்று இடங்களை வரிசைப்படுத்தி எழுதித் தர வேண்டும். அந்த இடங்களிலிருந்து ஆள் வந்து நேர்காணல் செய்து, யார் வேண்டும் என்று அவர்களும் வரிசைப்படுத்தித் தருவார்கள். இரண்டு பட்டியலையும் வைத்துக்கொண்டு எங்கள் பேராசிரியை ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுபோல ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஜோடி சேர்ப்பார். எதிலும் பொருந்தாதவன் காலியாகக் கிடக்கும் இடத்துக்குப் போக வேண்டியதுதான்.

காலியாகக் கிடக்கப் போவது எது என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்: கீழ்பென்னாத்தூர் வேர்க்கடலை விவசாயிகள் கம்பெனி. அது என் சொந்த ஊர். போதாததற்கு, கம்பெனி இயக்குநர்களில் ஒருவர் என் அப்பா. வீட்டில் வாங்கும் திட்டை ஆபீசிலும் வாங்க எனக்குத் தெம்பில்லை. சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் ஒரே ஒரு இடம் இருந்தது. கழுத்தில் அடையாள அட்டை, ஹாஸ்டல் அறை, அப்பா இல்லாத அறுபது நாள். நினைத்தாலே உட்கார முடியாமல் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன். அந்த வேகத்தில் படிவத்தின் மூன்று வரியிலும் அதே மருத்துவமனையின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

“ஒரே பேரை மூணு தடவ சொல்றதுக்கு இது என்ன அர்ச்சனையாப்பா?” என்றார் பேராசிரியை.

மருத்துவமனையிலிருந்து வந்தவர் சாந்தி மேடம். ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியில் தங்கியிருந்தார். எனக்கு முன்னால் போன நான்கு பேருக்கும் நாற்காலி, ஃபேன், பத்து நிமிடக் கேள்வி. மறுநாள் காலை என் முறை. ரெஸ்யூமைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“மாசாமாசம் சுத்துறீங்களா? நானும் இன்னிக்கி சுத்தலாம்னுதான் இருக்கேன். நடந்துகிட்டே பேசிடலாமே.”

பளபளக்கும் புது ஷூவை விடுதி வாசலில் கழற்றி வைத்தேன். டையைக் கழற்றத் தோன்றவில்லை. வெறுங்காலில், கழுத்தை இறுக்கும் டையோடு, செங்கம் சாலையில் நடந்தேன். (எதிரே வந்த சாமியார் ஒருவர் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.)

மலையைச் சுற்றி வழியில் எட்டு லிங்கக் கோயில்கள்; எமலிங்கம்வரை எதுவும் ஆகவில்லை. அதன் பிறகு வெயில் ஏறியது. தார் சுட்டது. மேடம் ஒரே சீராக நடந்துகொண்டே, “நோயாளியோட வீட்டுக்காரங்க அழுதா என்ன செய்வீங்க?” என்று கேட்டார். அழப்போவதே நான்தான் என்று எப்படிச் சொல்வது? குதிகாலை ஊன்றாமல், விரல்களால் குதித்துக் குதித்துப் பதில் சொன்னேன்.

“அடுத்தது எந்த லிங்கம்?”

“குபேர லிங்கம் மேடம்,” என்றேன், பட்டென்று.

வந்தது நிருதி லிங்கம். பெயர்ப் பலகையை மேடம் படித்தார், என்னைப் பார்த்தார். பாதிகூட முடியவில்லை, என் கால் கொப்பளித்துவிட்டது. அப்போதுதான் அந்த யோசனை உதித்தது.

“மேடம், இங்க பத்து நிமிஷம் தியானம் பண்றது என் வழக்கம். நீங்க போய்ட்டே இருங்க, புடிச்சிடறேன்.”

அவர் பக்தியோடு தலையசைத்துவிட்டுப் போனார். அவர் வளைவில் மறைந்ததும் வந்த முதல் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினேன். ஓட்டியவர் என் சித்தப்பா! திருவண்ணாமலையில் அத்தனை ஆட்டோ ஓட, அவருடையதுதான் வர வேண்டுமா? சரி, சொந்தக்காரர், காப்பாற்றுவார் என்று ஏறி, சீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டேன். மேடத்தைத் தாண்டிப் போய் வாயு லிங்கத்தில் இறங்கி, வியர்வையோடு காத்திருப்பதாகத் திட்டம். அதைச் சித்தப்பாவிடம் விளக்குவதற்குள் ஆட்டோ நின்றது.

“காலு நோவும்மா, ஏறிக்கிங்க,” என்று யாரையோ அழைத்தார்.

“இல்லப்பா. பின்னாடி ஒரு பையன் தியானத்துல இருக்கான். அவன் வரணும்.”

“எந்தப் பையன்?”

“வெள்ளச் சட்ட, டை கட்டியிருப்பான்.”

சித்தப்பா திரும்பி என்னைப் பார்த்தார். “டேய், உன்னத்தான் சொல்றாங்களா? நீ எப்போடா மலைய சுத்துன? தெருமுனைக் கடைக்கே பைக்ல போறவனாச்சே!”

மேடம் குனிந்து உள்ளே பார்த்தார். “தியானம் முடிஞ்சிதா தம்பி?”

அந்த நிமிடம் மலை அப்படியே என் மேல் சரிந்திருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். அவ்வளவு அவமானமாக இருந்தது. ஆனால் மேடம் திட்டவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மூணு வருஷமா எனக்கு முட்டி வலி. எமலிங்கத்துலயே ஆட்டோ ஏறியிருப்பேன். மாசாமாசம் சுத்துற பையன் முன்னாடி எப்படிக் கேக்கறதுன்னுதான் நடந்தேன். வலிக்குதுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்.”

மீதி மலையை ஆட்டோவில் சுற்றினோம். வழி முழுக்கச் சித்தப்பா குழந்தைப் பருவத்திலிருந்து என் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். “துறுதுறுப்பு ஜாஸ்தி, பொறுமை கம்மி” என்று அவர் முடித்தபோது மேடம் தலையாட்டினார். என்னைப் பற்றி அன்று கிடைத்த நேர்மையான தகவல் அது ஒன்றுதான்.

பட்டியல் வந்தது. மருத்துவமனை வகுப்பில் எனக்குப் பின்வரிசையில் உட்காரும் பெண்ணுக்குப் போனது. நாற்காலியில் உட்கார்ந்து, “எனக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும்” என்று சொன்னவள் அவள். எனக்குக் கீழ்பென்னாத்தூர். முதல் நாள் கம்பெனிக்குள் நுழைகிறேன், கடலை மூட்டைகளுக்கு நடுவே அப்பா நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: “தியானம் முடிஞ்சிதா?”

வருடங்கள் ஓடிவிட்டன. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினால் போதும், என் மனைவிகூட அதைத்தான் கேட்கிறாள். போன மாதம் வேறு வேலைக்கு ரெஸ்யூம் தயாரித்துக்கொண்டிருந்தேன். பொழுதுபோக்கு என்ற இடத்தைக் காலியாக விட்டிருப்பதைச் சித்தப்பா எட்டிப் பார்த்தார்.

“‘மாசாமாசம் ஆட்டோ’ன்னு போடுடா. கேட்டா நான் வந்து சாட்சி சொல்றேன்.”