இருபது கிலோக் கல்

இரும்புக் கல்லை முழங்கால் வரை தூக்கியதும் சோலைமலையின் இடுப்பில் 'கடக்' என்றது. அடுத்த லயத்து வீட்டு நாய் திடுக்கிட்டு எழுந்து குரைத்தது.

"இந்தாங்க, சட்டி ஏதும் ஒடைஞ்சிருச்சா?" என்று அடுப்படியிலிருந்து மனைவி நாகலெட்சுமி கேட்டாள்.

"இல்ல, நான்தான்."

மாரியம்மன் திருவிழாவுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அம்மன் பல்லக்கின் முன்கொம்பு பதினாறு வருஷமாகச் சோலைமலையின் தோளுக்கே உரியது. போன வருஷம் பாதி வழியில் இடுப்புப் பிடித்துக்கொள்ள, அம்மன் முக்கால் மணி நேரம் பீலிக்கரையில் நின்று தோட்டத்துச் சனம் குளிக்கிற இடத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து மச்சான் கிஷாந்துக்கு அந்தக் கொம்பின்மேல் கண்.

முந்தின வாரம் நுவரெலியாவில் யாழ்ப்பாணத்து டாக்டர் குகநேசன் முதுகைத் தட்டிப் பார்த்தார்.

"முதுகில ஒரு பிழையும் இல்லை. வயித்தையும் இடுப்பையும் சுத்தியிருக்கிற தசைதான் பலமில்லாமல் கிடக்கு. பாரம் தூக்கிப் பழகுங்கோ. இருபது கிலோவைப் பத்துத் தரம் தூக்க ஏலுமெண்டால், பல்லக்கையும் தூக்கலாம்."

ஐந்து கிலோ அரிசிப் பை பூப்போல ஏறியது. பத்தும் ஏறியது. இருபதுக்கு, தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக் கல் இருந்தது. அங்கே நிறுக்கிறவர் சோலைமலைதான். தினமும் காலையில், '20' என்று பொறித்த அந்தப் பழைய கல்லை இரண்டு பேர் சேர்ந்து தராசில் தொங்கவிடுவார்கள். முள்ளை இருபதில் திருத்தி வைத்த பிறகே பெண்கள் பறித்த கொழுந்தை அவர் நிறுப்பார். அந்தக் கல்லை மாலையில் தள்ளுவண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்து, காலையில் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார்.

கல் ஏறவில்லை. காலையில் ஆறு, மாலையில் ஆறு என்று முட்டை சாப்பிட்டார். அதற்கும் கல் ஏறவில்லை. ராத்திரி வாடை தாங்காமல் நாகலெட்சுமிதான் பாயைச் சுருட்டிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போனாள். பழைய சேலையை இடுப்பில் இறுக்கிக் கட்டிப் பார்த்தார். குனியவே முடியவில்லை. நான்காம் நாள் கல்லை வண்டியில் ஏற்றவும் தெம்பில்லை.

"கல் எங்க?" என்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா கேட்டார்.

"முத்திர குத்த டவுனுக்கு அனுப்பியிருக்குங்க."

அன்று மாலையே கிஷாந்து அதைக் கட்டிலுக்கடியில் கண்டுபிடித்து, கோயில் கூட்டத்துக்கு உருட்டிக்கொண்டே வந்தான்.

"தோட்டத்துக் கல்லத் திருடுனவரா அம்மனத் தூக்கப் போறாரு?"

"திருடலடா! அம்மனத் தூக்கத்தான் பழகுறேன்!"

"பழகிட்டீங்கள்ல மச்சான்? பத்துத் தடவ தூக்கிக் காட்டுங்க. முடியலன்னா கொம்பு எனக்கு."

கூட்டத்துக்கு இந்தத் தீர்ப்பு மிகவும் பிடித்துவிட்டது. சோலைமலை வேட்டியை மடித்துக் கட்டினார். ஒன்று. இரண்டு. மூன்றில் கண் பிதுங்கியது. நான்காவது தடவை கல் அங்கேயே இருந்தது, அவர்தான் கீழே போனார்.

கிஷாந்து சிரித்துக்கொண்டே கையை வைத்தான். ஒரு தடவை தூக்கினான். அப்புறம் பூசாரியின் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, தனக்குக் காலையிலிருந்தே காய்ச்சல் என்றான்.

அன்னதானத்துக்குக் கரட் கொண்டுவந்திருந்த லொறிக்கார நிரோஷன் கல்லை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தான். மரக்கறி தூக்கிப் பழகிய கை. லொறியிலிருந்த தராசில் அதை மாட்டினான்.

"இது இருபது இல்லண்ணே. இருபத்திநாலு."

சோலைமலை துள்ளி எழுந்தார். இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை.

"பாத்தீங்களா! என் தசையில கொறையே இல்ல! கல்லுதான் கூட! இத்தன வருஷமா இத வச்சித்தானே நான் தராசையே திருத்துறேன்!"

கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவளான வீரம்மா எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பல்லக்கை நோக்கி நடந்தாள்.

"அப்ப, நீ இருபதுன்னு எழுதுனப்பல்லாம் நாங்க இருபத்திநாலு சொமந்திருக்கோம். பயிற்சி எடுத்தது நாங்கதான் தம்பி, தள்ளிக்க. சாமிய நாங்க தூக்குறோம்."