சேவலும் பன்றியும் குளிக்கப் போன சனிக்கிழமை

இந்தத் தடவை விட்டுக்கொடுப்பதில்லை என்று நான் சபதம் எடுத்தது ஒரு காலை வேளையில், பல் தேய்க்கும்போது. முக்கியமான முடிவுகளையெல்லாம் நான் குளியலறையில்தான் எடுப்பேன். எங்கள் வீட்டில் தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் இடம் அது ஒன்றுதான்.

என் பெயர் டெல்பர்ட் கிம்பிள். அமெரிக்கக் கடற்படையில் சீஃப். கப்பலின் எஞ்சின் அறையில் நாற்பது பேர் என் இருமலைக் கேட்டாலே நிமிர்ந்து நிற்பார்கள். எங்களை ஜப்பானில் சசெபோ துறைமுகத்தில் கொண்டுவந்து போட்டார்கள். வருகிற ஏப்ரலோடு போஸ்டிங் முடிகிறது. முடிந்தால் ஒக்லஹோமா. அங்கே தம்பி வீட்டுக் கொட்டகையில் என் டிரக் நிற்கிறது. பக்கத்தில் ஏரி. ஏரியில் மீன். மீன் என்னை எதுவும் கேட்காது.

என் மனைவி நாடீனுக்கு ஒக்லஹோமா வேண்டாம். ஜப்பான்தான் வேண்டும். வந்த மாதமே மீன்கடைக்காரரோடு பேரம் பேச ஆரம்பித்தவள் அவள். ஒன்பது வயது மகள் பெஸ் ஒரு படி மேலே. கோபம் வந்தால் ஜப்பானிய மொழியில்தான் திட்டுகிறாள். என்ன திட்டு என்று எனக்குப் புரியாது. யாரை என்பது மட்டும் புரியும்.

எனக்கு இந்த ஊரில் கிடைத்ததெல்லாம் நெற்றியில் வீக்கம். நான் இடித்துக்கொள்ளாத வாசல் நிலை சசெபோவில் பாக்கி இல்லை. போதாததற்கு ஞாயிற்றுக்கிழமை. ஆறு வாரம் கடலில் ஆடிவிட்டு வந்தவன் சோபாவில் காலை நீட்டலாம் என்று பார்த்தால், நாடீன் என் கையில் தண்ணீர் பாட்டிலைத் திணித்து மலையேற அழைத்துப் போய்விடுவாள். மலை உச்சியில் கோவில் இருக்கும். கோவிலுக்குப் போனால் அங்கே தனியாகப் படிக்கட்டு இருக்கும்.

போஸ்டிங்கை நீட்டிக்க வேண்டுமானால் நான்தான் வாய் திறந்து கேப்டனிடம் கேட்க வேண்டும். மனைவி கேட்டால் செல்லாது. நாடீன் தானே செய்ய முடியாத காரியம் உலகத்தில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஒரு மாதமாக என்னைக் கரைத்துக்கொண்டிருந்தாள். முதலில் ஆப்பிள் பை செய்து பார்த்தாள். அப்புறம் பை செய்யாமல் பார்த்தாள்.

"டெல், கேப்டன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிக்குமா?"

"வலிக்கும்."

"உனக்கு இங்க என்ன குறை?"

"வாசல் எல்லாம் தாழ்வா இருக்கு."

"குனிஞ்சு போ."

"வீட்டுக்குள்ள குனியறது போதாதா?"

"டெல்பர்ட்," என்றாள். முழுப் பெயரைச் சொன்னால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நான் குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

வெறுமனே மறுத்தால் மட்டும் போதாது. மனைவியை வலுக்கட்டாயமாக ஊருக்கு இழுத்துப் போனவன் கட்டையில் போகிறவரை அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 'போதும், ஊருக்கே போயிடலாம்' என்று அவள் வாயாலேயே வர வேண்டும். அதற்கு அவளை ஜப்பான் பயமுறுத்த வேண்டும்.

அடுத்த வீட்டு ஓர்ட்டிஸை மாடிப்படியில் மடக்கினேன். அவனும் எங்கள் கப்பல்தான். ஒரு குடும்பப் பெண் அலறி ஓடுகிற மாதிரி இடம் ஏதாவது உண்டா என்று கிசுகிசுத்தேன். அவன் யோசிக்கவே இல்லை. மலைப்பக்கத்து வெந்நீர்க் குளியல் விடுதி என்றான். பெண்கள் தனி, ஆண்கள் தனி, ஆனால் உள்ளே ஒருவர் மேலும் பொட்டுத் துணி கிடையாதாம். அவன் பெண்டாட்டி யோலாண்டா வாசலோடு திரும்பிவிட்டாளாம்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நாடீன் தேவாலயப் பாட்டுக் குழுவில் பாடுகிறவள். கடற்கரைக்கே முழங்கால் வரை மூடிக்கொண்டு வருவாள். அன்று சாப்பாட்டில் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். அவள் கையிலிருந்த முள்கரண்டி தட்டில் விழுந்தது. முன்பின் தெரியாதவர்கள் முன்னாலா என்று கேட்டாள். முகம் வெளுத்துப் போனதாகக்கூட எனக்குத் தோன்றியது. இந்த நாட்டைப் பிடிக்கும் என்கிறவள் இதற்குப் பயந்தால் எப்படி என்று நான் பிடித்த பிடியில் நின்றேன். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, "சரி டெல், உன் ஆசைக்காக," என்றாள்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் என் ஆசைக்காக என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. இன்னொரு தடவை சாதம் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை நல்ல மழை. விடுதி வாசலில் செருப்பையும் ஷூவையும் கழற்றி வைக்க மரத்தட்டு. நாடீன் துண்டை நெஞ்சோடு அணைத்தபடி என் பின்னால் தயங்கித் தயங்கி நின்றாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஏரியை நினைத்துக்கொண்டு மனதைக் கல்லாக்கினேன். ஷூவுக்குள் தண்ணீர் போயிருந்ததால் காலுறையையும் கழற்றினேன்.

கல்லாவில் இருந்த மத்சுனாகா அம்மாள் சிரித்த முகமாகத் தலை வணங்கினார். வணங்கிய தலை கீழே என் காலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது.

என் வலது காலில் சேவல், இடது காலில் பன்றி. பச்சை குத்தியது. கப்பல் முழுகினாலும் கூண்டோடு மிதந்து கரை சேருகிற பிராணிகள் இவை இரண்டும்தான் என்று எங்கள் மாலுமிகளுக்கு ஒரு நம்பிக்கை. பத்தொன்பது வயதில், புத்தியும் சம்பளமும் ஒரே அளவாக இருந்த காலத்தில் குத்திக்கொண்டது. நான் இதுவரை முழுகவில்லை. அதனால் குறை சொல்வதற்கில்லை.

அந்த அம்மாள் சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். உடம்பில் பச்சை குத்திய ஓர் ஆள், அவன் மேல் சிவப்பில் பெரிய பெருக்கல் குறி. பிறகு மனமிரங்கி, மறைத்துக்கொள்ள ஒரு சின்ன பிளாஸ்திரியை எடுத்தார். நான் சட்டைக் கையை மடித்தேன். நங்கூரம், கடற்கன்னி, இரண்டு பாம்பு. அவர் பிளாஸ்திரியைத் திரும்ப டிராயரில் வைத்து, ரொம்ப மரியாதையாக மூடினார்.

சரி, அலறல் சத்தம் வந்ததும் ஓடிப் போய் அழைத்துக்கொள்ள வெளியே ஓர் ஆள் வேண்டும்தானே என்று நினைத்தேன். அதற்குள் பெஸ் பெண்கள் பக்கத்துத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். உள்ளேயிருந்து நாலைந்து கிழவிகள் அவள் பேரைச் சொல்லிக் கொண்டாடும் குரல் கேட்டது. மத்சுனாகா அம்மாள் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு மரக் குவளையை எடுத்து நாடீனிடம் நீட்டினார். அதில் நாடீன் என்று எழுதியிருந்தது.

"ஒரு மணி நேரத்துல வந்துடறேன்," என்றாள் நாடீன். "ஜில்லுனு பால் விப்பாங்க. வாங்கிக் குடி." திரை விழுந்தது.

திரும்பினேன். கூடத்து பெஞ்சில் ஒருவர் பால் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பிடரியை எனக்குத் தெரியும். கேப்டன் விட்டேக்கர். வெறுங்காலோடு விறைப்பாக நின்றேன். சேவலும் பன்றியும்கூட நின்றன.

"உட்காருங்க சீஃப்," என்று காலர் பட்டனைக் கழற்றிக் காட்டினார். கழுத்துக்குக் கீழே சிறகை விரித்த கழுகு. "பதினெட்டு வயசுல பண்ணின கூத்து. கப்பல் கரையில இருக்கற சனிக்கிழமையானா வொய்ஃபைக் கொண்டுவந்து விட்டுட்டு இங்கதான் உட்காருவேன். நான் இன்னும் உள்ள போய்ப் பாத்ததில்ல. உங்க வொய்ஃபும் அவளும் ஒரே தொட்டிதான்."

கேப்டனின் மனைவியும் என் மனைவியும் ஒரே தொட்டி. யார் யாருக்கு முதலில் வணக்கம் சொல்வார்கள் என்று நான் குழம்பிக்கொண்டிருக்கும்போதே அவர் அடுத்ததைக் கேட்டார்.

"அப்புறம், ஜப்பான் எப்படி இருக்கு?"

கடற்படையில் மேலதிகாரி எப்படி இருக்கு என்று கேட்டால் பதில் ஒன்றுதான். சாப்பாட்டைக் கேட்டாலும், புயலைக் கேட்டாலும் அதுதான். எஞ்சின் அறையில் புகை வந்தபோதும் நான் அதைத்தான் சொன்னேன். வாய் தானாகத் திறந்தது.

"பிரமாதம், சார்."

"வீடு?"

"அரண்மனை, சார்."

"வெளியில சுத்தறது?"

"ஞாயித்துக்கிழமை எப்ப வரும்னு காத்துக்கிட்டிருப்பேன், சார்."

"ஏப்ரல்ல கிளம்பணுமே. கஷ்டமா இல்ல?"

இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். இருபது வருஷப் பழக்கம் நிற்கவில்லை.

"மனசே வரல, சார்."

அவர் பாட்டிலைக் கீழே வைத்தார். "என் வொய்ஃப் சொன்னா, கிம்பிள் ரொம்பக் கூச்ச சுபாவம், தானா வந்து கேக்கவே மாட்டார்னு. நான் நம்பல. இப்ப உங்க வாயாலயே கேட்டாச்சு. கவலைய விடுங்க. நான் பாத்துக்கறேன்."

'சார், நான் சொன்னதெல்லாம் பொய்' என்று ஒரு வரி சொன்னால் தப்பித்திருப்பேன். கேப்டனிடம் அப்படிச் சொல்லிவிட்டு மறுநாளும் சீஃபாக இருந்தவன் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. ஏரி கண்ணெதிரே வற்றிக்கொண்டிருந்தது. அழுகை வரும் போலிருந்தது. "ரொம்ப நன்றி, சார்," என்றேன்.

பெண்கள் தக்காளி மாதிரி சிவந்து வெளியே வந்தார்கள். மிஸஸ் விட்டேக்கர் புருஷனைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். கேப்டன் மூன்று விரலைக் காட்டினார். பால் வாங்கச் சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவர்கள் பின்னால் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவள் ஓர்ட்டிஸின் யோலாண்டா.

காரில் ஏறியதும் கேட்டேன். "எத்தனை நாளா நடக்குது இது?"

"நீ கப்பல்ல போற ஒவ்வொரு சனிக்கிழமையும்."

"அப்ப முள்கரண்டி ஏன் விழுந்தது?"

"நீ ஆசை ஆசையா திட்டம் போட்டிருந்தே. யோலாண்டா வந்து சொன்னா. கெடுக்க மனசு வரல."

பின்சீட்டில் பெஸ் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். யாரைப் பற்றி என்று கேட்கவில்லை.

தோற்றவனுக்கும் ஒரு மானம் உண்டு. வண்டியை ஓரம் கட்டினேன். "இதோ பார் நாடீன், ஒரு வருஷம். ஒரே ஒரு வருஷம்தான். அதுக்கு மேல ஒரு நாள் இருக்க மாட்டேன்," என்று எஞ்சின் அறைக் குரலில் சொன்னேன்.

நாடீன் என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"நானும் ஒரு வருஷம்தான் கேட்டேன், டெல். நீ பேசின அழகைப் பாத்து அவர்தான் மூணாக்கிட்டார்."