குளியலறை வாசலில் ஒரு சாட்சி

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தவர்கள், தலைக்கு மேல் குண்டு விழுந்தபோதும் அசராதவர்கள், சாட்சியின் சைக்கிள் மணி கேட்டால் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். ஐம்பதுகளில் சிராங்கூன் ரோடு வட்டாரத்தில் அவரைப் போல ஊரை நடுங்க வைத்தவர் வேறு யாருமில்லை என்று அடித்துச் சொல்வேன்.

இத்தனைக்கும் மனிதர் யாரையும் அடித்தவரல்ல, வைதவரல்ல. கிறிஸ்தவப் புத்தகங்கள் விற்றார், அவ்வளவுதான்.

சைக்கிளுக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் மூன்றே வகைப் புத்தகங்கள். பச்சை அட்டை விசுவாசத்தைப் பற்றியது. சிவப்பு அட்டை நியாயத்தைப் பற்றியது. மஞ்சள் அட்டை, தான் நம்புவதை அடுத்தவருக்கு எப்படி எடுத்துச் சொல்வது என்பதைப் பற்றியது. மஞ்சளை அவர் விற்று நான் பார்த்ததில்லை. தானே படித்துப் படித்து அதன் அட்டை நார்நாராகக் கிழிந்திருந்தது. 'முதலில் புன்னகை செய்' என்று அதில் போட்டிருக்க வேண்டும். எதிரே சவ ஊர்வலம் வந்தாலும் எல்லாப் பல்லும் தெரியச் சிரிப்பார்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. தான் எப்படித் திருந்தினேன் என்று நாலு பேர் முன்னால் சொல்வதை அவர்கள் சபையில் 'சாட்சி சொல்வது' என்பார்கள். நம்மவர் அதைத் தேக்கா மார்க்கெட்டில் மீனுக்குப் பேரம் பேசுகிறவரிடம் சொன்னார். பாதித் தலை மழித்த நிலையில் எழுந்து ஓட முடியாமல் சலூன் நாற்காலியில் மாட்டிக்கொண்டவரிடமும் சொன்னார். "தம்பி, ஒரு சாட்சி சொல்லட்டா?" என்பார். பதிலுக்குக் காத்திருக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்தான் அது.

ஒரு வட்டிக்கடை வாசலில் பஞ்சாபிக் காவலாளி ஒருவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. அவருக்குப் பச்சைப் புத்தகத்தை முழுசாக வாசித்துக் காட்டினார் சாட்சி. காவலாளி குறட்டை விட்டுத் தூங்கிவிட்டார். "எம்புட்டு சமாதானம் பாத்தீயளா!" என்று சாட்சி எங்களிடம் வந்து பூரித்துப்போனார்.

நான் அப்போது ஒரு கம்பெனியில் கிராணி. குமாஸ்தாவுக்கு அங்கே அதுதான் பெயர். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் எங்கள் வேலையாட்கள் குடியிருந்த லைன் வீடுகள், அதை ஒட்டி ஸ்டோர், கடைசியில் பொதுக் குளியலறை. ஞாயிறு மத்தியானம் சாட்சியின் சைக்கிள் மணி கேட் பக்கம் கேட்டால் போதும், லைனில் ஈ காக்கை இருக்காது.

லைனில் குடியிருந்த முத்தையாவுக்கு மட்டும் ஓட வராது. கனத்த உடம்பு. அவன் குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்வான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ஸ்டோரிலிருந்து ஒரு சுருள் செப்புக் கம்பி காணாமல் போனது. வேலையாட்களை மேய்க்கிற மண்டோர் மறுநாளே கம்பெனித் துரையிடம் போய், "நேத்து மத்தியானம் ஸ்டோர் பக்கம் முத்தையாவத்தான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டான்.

முத்தையா என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. இரண்டு வருடம் மனுப் போட்டு அப்போதுதான் அவனுக்குக் குடும்ப அறை கிடைத்திருந்தது. நாகப்பட்டினத்தில் மனைவி பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு கப்பலுக்குக் காத்திருந்தாள். வேலை போனால் அறை போகும். அறை போனால் அவள் எங்கே வந்து இறங்குவது?

"நான் பாத்ரூம்ல இருந்தேன் கிராணியாரே, சத்தியமா."

"எவ்வளவு நேரம்?"

"சாட்சி போற வரைக்கும்."

பாவம், உண்மை. ஆனால் பார்த்தவர் யார்? லைன் முழுக்க ஓடிப்போயிருந்தது. ஓடாமல் நின்ற ஒரே ஆள், எல்லோரையும் ஓட வைத்த ஆள்தான்.

ஆள் அனுப்பி வரவழைத்தோம். மண்டோர் அவரைக் கேட்டிலேயே மடக்கினான்.

"பாதிரி, உனக்கு எதுக்கு இந்த வம்பு? துரைகிட்ட வாயத் தொறந்தா, இனிமே உன் சைக்கிள் இந்த கேட்டுக்குள்ள வராது லா."

அது அவருக்குச் சின்ன மிரட்டல் அல்ல. ஒரே இடத்தில் அத்தனை காதுகள் அவருக்கு வேறெங்கும் கிடைக்காது; ஓடுகிற காதுகளானாலும் காதுகள்தானே. சாட்சி மஞ்சள் புத்தகத்தின்படி முதலில் சிரித்தார்.

"தம்பி, நியாயத்தப் பத்தி பொஸ்தகம் சுமக்கேன். சுமந்துக்கிட்டு வாய மூடிட்டு இருந்தா நான் பொதிமாடுல்லா? சைக்கிள் வராட்டா நடந்து வாரேன்."

விசாரணை துரையின் அறையில் நடந்தது. மொழிபெயர்க்க என்னைப் போட்டார்கள். மண்டோரை ஒரு பக்கம் உட்கார வைத்து, முத்தையாவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, இவர்தான் சாட்சியா என்று கேட்டார் துரை.

"ஆமா தம்பி, பதினெட்டு வயசுலருந்து," என்றார் அவர் என்னைப் பார்த்து. "அப்பம் நான் பெரிய குடிகாரன். ஒருநா கள்ளுக்கடையில..."

"ஐயா, ஐயா, அந்தச் சாட்சி இல்ல. இது வேற சாட்சி."

"ரெண்டும் ஒண்ணுதான தம்பி. கண்டதச் சொல்லணும், அவ்வளவுதான்," என்றவர் ஒருவழியாக ஞாயிற்றுக்கிழமைக்கு வந்து சேர்ந்தார். "முத்தையா உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டான். நான் ஒரு வாளியக் கவுத்துப் போட்டு உக்காந்து, சிவப்புப் பொஸ்தகத்துல ஒரு பாடம் முழுக்க வாசிச்சேன். 'வயிறு சரியில்ல ஐயா'ன்னான். 'மெதுவா இரு தம்பி, பாடம் நீளம்'னேன்."

என்ன பாடம் என்று துரை கேட்டார்.

"நீதிமானப் பத்தி."

நேர்மையான மனிதனைப் பற்றிய பாடம் என்று நான் இங்கிலீஷில் சொன்னேன். துரை முத்தையாவை உள்ளே கூப்பிட்டு, குளியலறையில் என்ன கேட்டாய் என்றார்.

முத்தையா கையைக் கட்டிக்கொண்டு, "மான் கதைங்க," என்றான்.

நான் அவன் பக்கம் குனிந்தேன். "சரியா சொல்லுடா."

"மான்தான் கிராணியாரே. நீதி மான். அது பொய் சொல்லாதாம். லஞ்சம் வாங்காதாம். இருக்கிறவனுக்கு ஒரு மாதிரி, இல்லாதவனுக்கு ஒரு மாதிரி பேசாதாம். ஊரே மெரட்டினாலும் எளியவன் பக்கத்துலயே நிக்குமாம். மான் எப்படி லஞ்சம் வாங்கும்னு எனக்கே சந்தேகம். வெளிய வந்து கேக்கலாம்னா இவரு உக்காந்திருக்காரு."

நான் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தேன். மண்டோர் துள்ளி எழுந்தான். "பாத்தீங்களா துரை! ஒருத்தன் மனுஷன்ங்கிறான், ஒருத்தன் மான்ங்கிறான். ரெண்டு பேரும் புளுகு!"

சாட்சி மட்டும் முத்தையாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "முழுசாக் கேட்டிருக்கானே!" என்றார் மெதுவாக. அவர் கண் கலங்கியிருந்தது. அத்தனை வருடத்தில் அவர் வாசித்ததைக் கடைசி வரை கேட்டு, திருப்பியும் சொன்ன முதல் ஆள் முத்தையா.

நான் துரைக்கு விளக்கினேன். நீதிமான் என்றால் எங்கள் மொழியில் நேர்மையானவன். அதன் வாலை மட்டும் தனியாக வெட்டி எடுத்தால் மான்; காட்டில் ஓடுகிற கொம்பு வைத்த மான். துரை ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு முகம் சிவக்கச் சிரித்தார். பேசிவைத்துக்கொண்டு பொய் சொல்லியிருந்தால் இருவரும் மனிதன் என்றே சொல்லியிருப்பார்கள், கதவுக்குப் பின்னால் நின்று கேட்டவனுக்குத்தான் மனிதன் மானாகத் தோன்றியிருக்கும் என்றார். சிரித்து முடித்ததும் மண்டோர் பக்கம் திரும்பினார். அப்போது சிரிப்பு இல்லை. "நீ யாரைப் பார்த்தாய்?"

மண்டோர் கதவைப் பார்த்து நகர்ந்தான். அடுத்த மாதம் எங்களுக்கு வேறு மண்டோர். முத்தையாவின் மனைவி கப்பலிலிருந்து இறங்கி, நேராகத் தன் அறைக்கு வந்து அடுப்புப் பற்றவைத்தாள்.

விசாரணைக்கு அடுத்து வந்த ஞாயிறும் கேட்டில் மணி கேட்டது. லைன் வழக்கம்போல் ஓடியது. முத்தையாவும் குளியலறைக்குத்தான் ஓடினான். ஆனால் போகிற போக்கில் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். தாழ்ப்பாளும் போடவில்லை.

எங்களில் யாரும் மதம் மாறவில்லை. பெயரைத்தான் மாற்றினோம். அதற்குப் பிறகு அவரை லைனில் யாரும் சாட்சி என்று சொல்வதில்லை, "மான் வருது லா!" என்றுதான் கத்திக்கொண்டு ஓடுவோம். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும் என்பதை அவரிடம் நான் சொன்னதே இல்லை. நின்று சொன்னால் ஒரு பாடம் கேட்க வேண்டியிருக்குமே. ஆனால் லஞ்சம் வாங்காத, மிரட்டினால் நகராத மான் உலகத்தில் உண்டா என்று யார் கேட்டாலும், உண்டு, சைக்கிளில் வரும், என் கண்ணால் பார்த்தேன் என்று நான் சாட்சி சொல்வேன்.