லாரியில் போன புலிசாமி

மைகல் காட்டுப் புலிகளுக்கு மன அமைதி இல்லை என்று அரசாங்கம் தீர ஆராய்ந்து கண்டுபிடித்தது. அமைதியைக் கெடுத்தவர்கள் அந்தக் காட்டுக்குள்ளேயே குடியிருந்த பைகா ஜனங்களாகிய நாங்கள். புலியை விசாரித்தார்களா என்று தெரியாது. எங்களை விசாரிக்கவில்லை என்பது தெரியும். ஆகவே புலியின் நலன் கருதி எங்கள் ஊரை அப்படியே பெயர்த்து, காட்டுக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத் தகரக் கொட்டகைகளில் வைப்பதெனத் தீர்மானமாயிற்று.

வனச்சரகர் சதுர்வேதி சாகேப் லாரியோடு வந்தார். நல்ல மனிதர்தான், சட்டத்தை மீறி ஒரு தும்மல்கூடப் போடமாட்டார். "உங்களுக்குச் சொந்தமானது எதையும் இங்கே விட்டுட்டுப் போகக் கூடாது" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். நாங்கள் சொன்ன பேச்சைக் கேட்கிறவர்கள். கோழி, உரல், கதவு எல்லாவற்றையும் ஏற்றினோம். இலுப்பை மரங்களைத்தான் ஏற்ற முடியவில்லை. உதிரும் இலுப்பைப் பூவைப் பொறுக்கித்தான் எங்கள் பிழைப்பு; எங்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இன்ன மரம் என்று பாத்தியதை உண்டு. என் மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அதற்குத் தடையேதும் அறிவிக்கப்படவில்லை.

கடைசியாகப் பூசாரி லாமு, கருமருது மரத்தடியில் இருந்த பாகதேவ் கல்லைத் தோண்டி எடுத்தான். பாகதேவ்தான் புலிசாமி, அவர் இருக்கும் எல்லையில்தான் புலி இருக்கும். கல் ஏகக் கனம். சாகேபே ஒரு கை பிடித்து ஏற்றிவிட்டார்.

நெடுஞ்சாலைப் பக்கம் கேட்பாரற்ற இலுப்பைத் தோப்பு ஒன்று இருந்தது. விழுகிற பூ கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று, வழக்கம்போல் மரத்தடிச் சருகைக் கூட்டி நெருப்பு வைத்தோம். சாம்பலில் இளம்புல் முளைத்தது. புல்லுக்கும் பூவுக்கும் புள்ளிமான் வந்தது. மானுக்குப் பின்னால் புலி வந்தது.

காட்டுக்குள் நெருப்புக்குத் தடை. உண்ணிச்செடி ஆளுயரம் மண்டி, மான் மேயப் புல் இல்லை. பட்டணத்து ஆட்கள் இலை நிறத்தில் சட்டை, இலை நிறத்தில் தொப்பி, இலை நிறத்தில் தண்ணீர் பாட்டில் சகிதம் ஜீப்பில் வந்து, ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள்.

சாகேப் அலறிக்கொண்டு வந்தார். "எங்க புலியைத் திருடிட்டீங்க!"

"திருடலை சாகேப். நீங்கதானே ஒரு கை பிடிச்சு ஏத்துனீங்க?" என்றான் லாமு.

"அது வெறும் கல்லு!"

பக்கத்தில் நின்ற எங்கள் ஊர்ப் பகுனிக்கு வாய் சும்மா இருக்காது. "வெறும் கல்லைத்தானே கொண்டாந்தோம்? அப்புறம் ஏன் கோவிச்சுக்கறீங்க?" என்றாள்.

விசாரணையின் பொருட்டுக் கல்லை அவர் ஜீப்பில் ஏற்றித் தன் குடியிருப்புக்குக் கொண்டுபோனார். தோப்புப் புலி அசையவில்லை. மேலிடம் ஒரு வருஷம் கூடிக் கூடிப் பேசி முடிவெடுத்தது. புலி இருக்கும் இடமே புலிக்காடு. ஆகவே தகரக் கொட்டகைகளும் புலிக்காடு. ஆகவே நாங்கள் உடனே காலி செய்து, புலியே இல்லாத இடத்துக்குப் போக வேண்டும். வட்டாரத்தில் அப்படி ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அது எங்கள் பழைய ஊர்.

"சம்மதமா?" என்றார் சாகேப்.

"அரசாங்கம் சொன்னா மீற முடியுங்களா?" என்று பகுனி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். அவர் ஜீப் கண்மறைவதற்குள் மூட்டை கட்டிவிட்டோம்.

என் மரம் எனக்காகவே பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. மனசு குளிர்ந்துபோயிற்று. லாமு சருகைக் கூட்டிவிட்டுத் தீப்பெட்டியை எடுத்தான். பகுனி அதைத் தட்டிவிட்டாள்.

"புத்தி இருக்கா அண்ணே? நெருப்பு வெச்சா புல்லு வரும். புல்லுக்கு மான், மானுக்குப் புலி. புலிக்குப் பின்னாடி?"

"லாரி" என்றேன் நான்.

அன்றிலிருந்து சருகுக்குள் கையைவிட்டுத் துழாவித்தான் பூப் பொறுக்குகிறோம். பாதி அழுகிப்போகிறது. எங்காவது உறுமல் கேட்டால் ஊரே திரண்டு குடத்தைத் தட்டி விரட்டுகிறோம். சாமியையே துரத்துகிறோமே என்று வயிறு எரிகிறது. சாகேப் ஒருநாள் கல்லைத் திருப்பிக் கொடுக்க வந்தார். லாமு கும்பிட்டபடியே பின்னால் நகர்ந்தான். "உங்ககிட்டயே இருக்கட்டும் சாகேப். சாமிக்கு மாசம் ஒரு கோழி குடுங்க, போதும்."

போன வாரம் பகுனி, தான் கட்டிய துடைப்பங்களை விற்க அவர் குடியிருப்புக்குப் போனாள். விடிந்தும் விடியாமல் சாகேப் குனிந்து வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாராம்.

"என்ன சாகேப், நீங்களே பெருக்குறீங்க?"

"ஒண்ணுமில்லே. நாய்த் தடம்."

மிச்சமிருந்த ஒரு தடத்தின் மேல் பகுனி தன் கையை விரித்து வைத்துப் பார்த்தாள். கை போதவில்லை.

"நல்ல பெரிய நாய்தான், சாகேப்."

"யார்கிட்டயும் சொல்லிடாதேம்மா." அவர் கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "கொல்லையிலே வாழை இப்பத்தான் குலை தள்ளியிருக்கு."

பகுனி துடைப்பக் கட்டிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு, மறுபக்கமிருந்து பெருக்க ஆரம்பித்தாள்.