ஜன்னல் ஓரத்து அம்புக்குறிகள்

ராகலை,
ஜனவரி 18

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மருமகன் மிலானுக்கு,

ராகலையிலிருந்து மாமா கஸ்பர் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியும் ஆண்டவர் தயவில் சுகமாக இருக்கிறோம். மழையும் சுகமாகத்தான் இருக்கிறது. மூன்று நாளாக எங்களை விட்டு அசையவில்லை. கொழும்பில் நீங்களும் மகள் அனுஷ்காவும் வெயிலோடு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கிறிஸ்மஸ் ஒளி விழாவுக்கு உங்களுக்கு லீவு கிடைக்காததில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வருத்தம் இருக்கிறது. ஏன் என்று கீழே வரும்.

போன ஆகஸ்டில் நீங்கள் வந்தபோது உங்கள் பழைய லெப்டொப்பை எங்களிடம் விட்டுப் போனீர்கள். ஒருவர் எழுதுவதை மற்றவர் மூடிவிட்டுச் சண்டை பிடிப்போம் என்று முன்கூட்டியே தெரிந்து, எழுதும் மென்பொருளில் திரையை நடுவே பிரித்து இரண்டு ஜன்னல் வைத்தீர்கள். இடது ஜன்னல் எனக்கு, நாடகம் எழுத. வலது ஜன்னல் மாமிக்கு, தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்காக அரசாங்கக் கந்தோர்களுக்குச் சிங்களத்தில் கடிதம் எழுத. ஒவ்வொரு ஜன்னலுக்கும் இரு பக்கமும் சாம்பல் நிறத்தில் மெல்லிய ஓரம் ஒன்று இருந்தது. "மாமா, இந்த ஓரத்தக்கூட உங்களுக்குப் புடிச்ச மாதிரி மாத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினீர்கள். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வசனம்தான் காரணம். இதைக் கோபத்தில் சொல்லவில்லை.

பென்ஷனுக்கு வந்த நாளிலிருந்து தேவாலயத்து ஒளி விழா நாடகம் என்னுடையது என்பது உங்களுக்குத் தெரியும். முந்தின வருடத்து நாடகம் மூன்று மணித்தியாலம் ஓடியதும், ஏரோது மன்னன் தன் முதல் வசனத்தை முடிப்பதற்குள் பாதிச் சனம் எழுந்து போனதும், மீதி இருந்தவர்கள் நடிகர்களின் சொந்தக்காரர்கள் என்பதும் அனுஷ்கா சொல்லித் தெரிந்திருக்கும். அதனால் இந்த முறை ஃபாதர் என்னைக் கூப்பிட்டு, மிகவும் அன்பாக, "மாஸ்டர், அரை மணித்தியாலம் தர்றேன். அதுக்கு மேல போனா பாட்டு மட்டும் வச்சி முடிச்சிருவோம்" என்றார். நான் ஏற்கெனவே முப்பத்தேழு பக்கம் எழுதி வைத்திருந்தேன். எதை வெட்டுவது? ஒன்றையும் வெட்டுவதில்லை, நடிகர்களை வேகமாகப் பேச வைப்பது என்று முடிவு செய்து, கையெழுத்துப் பிரதியை உங்கள் மென்பொருளில் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன்.

முதல் வசனத்திலேயே இடது ஜன்னலின் ஓரத்தில் ஒரு வளைந்த அம்புக்குறி வந்தது. மிலான், நான் முப்பத்தெட்டு வருடம் தமிழ் படிப்பித்தவன். பிள்ளை எழுதுவது கோட்டுக்கு இந்தப் பக்கம், வாத்தியார் குறி போடுவது அந்தப் பக்கம். மார்ஜினில் குறி விழுந்தால் வசனத்தில் பிழை இருக்கிறது. இதைத் தவிர வேறு அர்த்தம் எனக்குத் தெரியாது. வசனத்தைத் திரும்பப் படித்தேன். ஒற்றுப் பிழை இல்லை, எழுவாய் பயனிலை பொருந்தியிருந்தன. ஒரு சந்தியைப் பிரித்துப் பார்த்தேன், அம்பு போகவில்லை. சேர்த்துப் பார்த்தேன், போகவில்லை. கடைசியில் எரிச்சலில் "அண்டசராசரங்களையும் ஆட்டிப் படைக்கின்ற" என்பதை அழித்தேன். அம்பு மறைந்தது. இயந்திரத்துக்கு நீளம் பிடிக்கவில்லை என்று அப்போது விளங்கியது. ஆனால் எழுத்து முடிந்த இடத்துக்குக் கீழே, வெறும் திரையின் ஓரத்தில், சின்னச் சின்னக் கோடுகள் வரிசையாக நின்றன. இன்னும் எழுது, இடம் இருக்கிறது என்கிற மாதிரி. நீட்டினால் பிழை, நிறுத்தினால் போதாது. அந்தக் காலத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தைச் சோதனை போட இப்படி ஒரு வித்தியாதிகாரி வருவார்.

அன்றிலிருந்து அம்பு விழாமல் எழுதுவது என்று வீம்பு பிடித்தேன். இரண்டு கிழமை போராடி முப்பத்தேழு பக்கத்தை இருபத்தெட்டுக்குக் கொண்டு வந்தேன். ஒரு நாள் காலையில் திறந்தால், முந்தின நாள் சுத்தமாக இருந்த வசனங்களுக்கெல்லாம் மறுபடியும் அம்பு. பார்த்தால் நடுக்கோடு என் பக்கம் நகர்ந்திருந்தது. மாமியைக் கூப்பிட்டேன்.

"மார்கிரட், நீ கோட்டத் தள்ளினியா?"

"ஆமாங்க. சிங்களத்துல ஒரு கந்தோர் பேர எழுதவே ஒரு முழம் வேணும். எனக்கு எடம் பத்தல."

நியாயமாகத்தான் பட்டது. மறுபடியும் வெட்டினேன். அடுத்த கிழமை கோடு இன்னும் நகர்ந்தது. ஒரு விதவைக்குச் சகாயம் கேட்டு எழுதுகிறாள் என்றால் நான் எப்படி மறுப்பது? மறுபடியும் வெட்டினேன். ஏரோது மன்னன் ஆறு சொல்லில் பேசப் பழகினான்.

இந்த நிலையில்தான் உங்கள் வசனம் நினைவுக்கு வந்தது. ஓரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றீர்களே, அதை அகலமாக்கினால் பழையபடி நானே மார்ஜினில் குறிப்பு எழுதலாம், இயந்திரத்துக்கு அங்கே இடம் இல்லாமல் போகும் என்று கணக்குப் போட்டேன். டவுனில் போன், அச்சு வேலைகளுக்குக் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் சுதர்ஷினி என்னிடம் படித்த பிள்ளை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அவள் எங்கேயோ அமைப்புகளுக்குள் போய், "சேர், ஓரத்தோட அகலம் இப்ப எட்டுன்னு இருக்கு. எத்தன போட?" என்று கேட்டாள். எண்பது போடச் சொன்னேன். "சேர், எண்பது கூடங்க" என்றாள். வகுப்பில் நான் சொன்னதை அவள் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. அன்றும் அதற்கு மேல் பேசவில்லை. போட்டாள்.

மூன்று காரியம் ஒரே நேரத்தில் நடந்தன. ஓரம் என் முழங்கை அகலத்துக்கு வீங்கியது. எழுதும் இடம் அதற்கு ஏற்றபடி சுருங்கி, முழு நாடகத்துக்கும் வரிக்கு வரி அம்பு விழுந்தது. அந்த ஓரத்தில் நான் ஓர் எழுத்துக்கூட எழுத முடியவில்லை. எங்கே தட்டினாலும் எழுத்து கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் விழுந்தது. முப்பத்தெட்டு வருடம் பிள்ளைகளை மார்ஜினுக்குள் எழுத விடாதவனுக்கு இது வேண்டும்தான். நாலாவதையும் சொல்ல வேண்டும். சுதர்ஷினி மாற்றியது என் ஜன்னலுக்கு மட்டும் இல்லை, எல்லா ஜன்னலுக்கும். மறுநாள் மாமி உட்கார்ந்தபோது, பிரதேச சபைக்கு அவள் எழுதியிருந்த கடிதம் வரிக்கு ஒரு சொல்லாக, குழாயில் சொட்டுகிற தண்ணீர் மாதிரி கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நல்லது. இரண்டு நாள் என்னோடு பேசாமல், பிளேன்டீயைக் கொண்டு வந்து லெப்டொப்பின் நட்ட நடுவில், கோட்டுக்கு நேரே வைத்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் சுதர்ஷினி வந்து, இந்த ஜன்னலுக்கு மட்டும் என்று ஒரு வழி இருப்பதைக் கண்டுபிடித்து, இரண்டையும் எட்டுக்குக் கொண்டு வந்தாள். மாமி அவளுக்கு ரொட்டியும் கட்டைச் சம்பலும் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள், ஆனால் அவளுக்குக் கொடுத்த பிறகு. சமாதான உடன்படிக்கையாக நடுக்கோட்டை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளிக்கொண்டாள்.

இப்படியே போய் டிசம்பர் முதல் கிழமையில் நாடகம் ஒன்பது பக்கத்தில் வந்து நின்றது. ஓர் அம்புகூட இல்லை. தோட்டத்துத் தாய்மார் வேலை முடிந்து பிள்ளைகளைக் கூட்டிப்போன பிறகு, பிள்ளைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் பின்னேரங்களில் ஒத்திகை பார்த்தோம். சத்திரக்காரனாக நடிக்க ஃபெக்டரியில் வேலை செய்யும் செல்லசாமியை மூன்று வருடமாகக் கேட்டு வந்தேன். ஒவ்வொரு முறையும் வசனத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், இத மனப்பாடம் பண்ற நேரத்துல நான் ஓலெவலே பாஸ் பண்ணிருவேன்" என்பார். சத்திரக்காரனுக்கு நான் முதலில் எழுதியிருந்தது இருபத்திரண்டு வரி: பெத்லகேம் நகரின் பெருமை, சனக் கணக்கெடுப்பின் வரலாறு, விருந்தோம்பல் பற்றி ஒரு வெண்பா. இப்போது கையில் கொடுத்தது ஒரு வரி. செல்லசாமி தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா மாஸ்டர்?"

"இவ்வளவுதான்."

"அப்ப நான் வர்றேன்."

ஒளி விழா அன்றைக்கு மண்டபத்தில் இருந்தவர்கள் முந்தின வருடத்தை நினைத்துக் கதவுக்குப் பக்கமாகவே உட்கார்ந்திருந்தார்கள். யோசேப்பு கதவைத் தட்டினான். மரியாளாக வந்தது லோஜினி; அன்று காலை மலையில் கொழுந்து எடுத்துவிட்டு வந்த பிள்ளை, கால் வலியை நடிக்க வேண்டி இருக்கவில்லை. செல்லசாமி கதவைத் திறந்தார். இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். பிறகு, நான் எழுதிக் கொடுத்த செந்தமிழை விட்டுவிட்டு, தன் ஒற்றை அறை லயத்து வாசலில் நின்று சொல்வது போலவே சொன்னார்:

"எடமில்லப்பா. உள்ள ஒம்பது பேரு."

அவ்வளவுதான். மண்டபம் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு பாதியில் தானாக நின்றது. பின் வரிசையில் யாரோ ஒரு பெண், "உண்மதானே" என்று சொன்னது மேடை வரைக்கும் கேட்டது. செல்லசாமி கதவை மூட வேண்டிய இடம் அது. அவருக்கு மனம் வராமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். என் இருபத்திரண்டு வரியில் இது எங்கேயும் இருக்கவில்லை. நான் திரை மறைவில் நின்று, கண்ணாடியைத் துடைப்பது போல் பாவனை செய்தேன். நாடகம் இருபத்தாறு நிமிடத்தில் முடிந்தது. ஒருவர்கூட எழுந்து போகவில்லை. முடிந்தது தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஃபாதர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாமி நாலு பேர் முன்னால், கல்யாணம் முடித்து முப்பத்து நாலு வருடத்தில் முதல் தடவையாக, "நல்லா எழுதியிருக்கீங்க" என்றாள். நீங்கள் வரவில்லையே என்று எனக்கு ஏன் வருத்தம் என்று இப்போது தெரிந்திருக்கும்.

போன கிழமை பூண்டுலோயாவில் ஒரு தேவாலயத்திலிருந்து நாடகத்தின் பிரதி கேட்டார்கள். அச்செடுக்க லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு சுதர்ஷினியின் கடைக்குப் போனேன். பெருமையாகத் திரையைக் காட்டி, "பாரு பிள்ளை, ஒன்பது பக்கத்துல ஒரு பிழை இல்ல. ஒரு அம்புகூட விழல" என்றேன்.

"சேர், அது பிழைக்குப் போடுற குறி இல்லங்க. வரி நீளமா இருந்தா கீழ மடிச்சிக் காட்டும். மடிச்ச எடத்துல அம்பு போடும். அவ்வளவுதான்."

"அப்ப பிழை?"

"பிழையெல்லாம் அதுக்குத் தெரியாதுங்க சேர். ஜன்னல அகலமாக்குனா அம்பு தானாப் போயிரும்."

அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். சுதர்ஷினி தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். மிலான், ஒரு ஜன்னல் எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் ஏரோது மன்னனின் கொடுமை, அவ்வளவுதான் சத்திரக்காரனின் இரக்கம் என்று ஆகிப்போனதை நினைத்து முதலில் அவமானமாக இருந்தது. பஸ்ஸில் வரும்போது சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து பழைய முப்பத்தேழு பக்கத்தை எடுத்து வாசித்தேன். ஏழாம் பக்கத்தில் தூங்கிவிட்டேன். ஆகவே மனக்குறை ஒன்றும் இல்லை, நன்றாகவே இருக்கிறேன்.

உங்களிடம் கேட்பது மூன்று. ஒன்று, என் ஜன்னலில் மட்டும் அந்த அம்புகள் வராமல் செய்து கொடுங்கள். பொருள் தெரிந்த பிறகும் மார்ஜினில் ஒரு குறியைக் கண்டால் என்னால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. ஈஸ்டருக்கு ஒரு நாடகம் தொடங்கியிருக்கிறேன். இந்த முறை என் விருப்பப்படி எழுத வேண்டும். இரண்டு, மாமியின் ஜன்னலில் கை வைக்க வேண்டாம். மூன்றாவதுதான் முக்கியம். இந்த அம்பு விஷயம் மாமிக்குத் தெரிய வேண்டாம். நான் கலை முதிர்ச்சியால் சுருக்கி எழுதினேன் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். அது அப்படியே இருக்கட்டும். கடிதத்தை இமெயிலில் இணைத்து அனுப்ப எனக்குத் தெரியாததால் அவளே அனுப்பி வைப்பாள். பயப்பட வேண்டாம், அடுத்தவர் கடிதத்தைப் படிக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை.

மகள் அனுஷ்காவுக்கு என் முத்தங்கள். உங்கள் இருவரின் வேலையிலும் வீட்டிலும் ஆண்டவரின் சமாதானம் தங்கட்டும்; எல்லா ஜன்னலும் வேண்டிய அகலத்துக்குத் திறக்கட்டும்.

என்றும் அன்புடன்,
மாமா கஸ்பர்

பி.கு.: மாப்பிள, நான் மாமி எழுதுறேன். அனுப்புறதுக்கு முன்னால ஒழுங்கா இருக்கான்னு பாத்தேன், அதுல கண்ணு பட்டிருச்சு. அம்புன்னா என்னான்னு ஆகஸ்டுல நீங்க எனக்குச் சொல்லிக் குடுத்துட்டுத்தான போனீங்க. இவரு அதுக்குப் பயந்து வெட்டுறாருன்னு முதல் நாளே தெரிஞ்சி போச்சி. அதனாலதான் கோட்டக் கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளுனேன். சிங்களத்துக்கு அவ்வளவு எடமெல்லாம் வேணாம். ஓரத்த எண்பதாக்குனப்ப வந்த கோவம் மட்டும் நெசம். நல்லா எழுதியிருக்கீங்கன்னு சொன்னதும் நெசம்தான், செல்லசாமி கதவ மூடாம நின்னப்ப நானும் அழுதேன். ஆனா ஈஸ்டர் நாடகம் இப்பவே இருபத்தஞ்சு பக்கம், யூதாஸ் இன்னும் வரவே இல்ல. தயவு செஞ்சி அந்த அம்ப எடுத்துறாதீங்க. முடிஞ்சா இன்னும் கொஞ்சம் பெருசாக்கிக் குடுங்க.