புலிக்கு வால்வு லீக்

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குள் எமனையே வாசலில் நிறுத்தி விசாரித்த ஒரே மனுஷி சார்ஜெண்ட் அக்காதான். கிளமெண்டியில் ஒரு கொண்டோ குடியிருப்பில் அவருக்குச் செக்யூரிட்டி வேலை. வீட்டுக்கு வந்தாலும் அதே அதட்டல். மூன்று கிலோ எடையில் ஒரு பொமரேனியன் வளர்த்தார். பெயர் புலி.

பதினோரு வயதில் புலி இருமத் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் நானும் டாக்டரிடம் கூடப் போனேன்.

"சின்ன ஜாதி நாய்ங்களுக்கு வயசானா இது வர்றதுதான். இதயத்துல வால்வு சரியா மூடல, ரத்தம் பின்னால கசியுது. மாத்திரையால சமாளிக்கலாம், குணமாகாது" என்றார் டாக்டர்.

"என் கிச்சன் பைப்பும் பத்து வருஷமா லீக்தான். அதுக்காக வீட்டை இடிச்சுட்டேனா?" என்றார் அக்கா.

அன்று முதல் எங்கள் மாடியில் ஊரடங்கு. புலி தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு விடுகிறது என்று எண்ணச் சொல்லியிருந்தார் டாக்டர். அக்கா எண்ணும் நேரத்தில் யாரும் மிக்ஸி போடக் கூடாது, கதவைச் சாத்தக் கூடாது. நான் ஒருமுறை தும்மித் தொலைத்தேன். "இருபத்தி நாலுல இருந்தேன்! இப்போ முதல்ல இருந்து எண்ணணும்!" உப்பு ஆகாது என்பதால் புலியின் கழுத்தில் ஓர் அட்டை வேறு: 'எனக்கு முறுக்கு தராதீர்கள். தந்தால் அம்மா கடிப்பார்.'

"கிழட்டு நாய்க்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? விட்டுடு லா" என்றார் கீழ்வீட்டு அங்கிள்.

"உங்களுக்கும்தான் எழுபது ஆச்சு, பிரஷர் வேற. விட்டுடலாமா?"

அதன்பின் அக்கா ஏறும் லிஃப்டில் அங்கிள் ஏறுவதில்லை.

ஒரு மத்தியானம் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டியது. டாக்சி பிடித்து ஓடினோம். நுரையீரலில் நீர். புலியை ஆக்சிஜன் கூண்டில் வைத்துவிட்டு, "எதுக்கும் நீங்க தயாரா இருங்க" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார் டாக்டர்.

"தயாராத்தான் வந்திருக்கேன் டாக்டர்." அக்கா பையைத் திறந்தார். பாய், தலையணை, பிளாஸ்க். "அவன் நடந்து வெளிய வர்ற வரைக்கும் நான் இங்கதான்."

மறுநாள் சாயங்காலம் புலி நடந்தே வந்தது. வந்ததும் டாக்டரைப் பார்த்துக் குரைத்தது. அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் எங்களை நிம்மதியாகத் தும்மவிடவில்லை.

போன மாதம் ஒரு காலை, அக்காவின் மடியிலேயே அடங்கிப்போனது. துக்கம் விசாரிக்கப் போனேன்.

"பாவம்னு யாரும் சொல்லக் கூடாது" என்றார். "அவன் தோக்கல லா. களைச்சுப் போயிட்டான், அவ்ளோதான்."

நானே அவருடைய சமையலறைக்குப் போய் டீ போட்டு வந்து கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.