ஏழாம் அலைக்கு வழிவிட்ட ஊர்

அலைவளநாட்டில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்களே தங்கள் மன்னரைத் தேர்ந்தெடுப்பார்கள். எதிர்த்து நிற்க ஆள் கிடைக்காத காரணத்தால் ஒரே மன்னர் நான்காவது முறையும் வென்றிருந்தார். இந்த முறை அவர் தந்த வாக்குறுதி, திரையில் முகம் பார்த்துப் பேச வீட்டுக்கு வீடு ஏழாம் அலை.

குமிழியூர் மரிக்கொழுந்து அதை நம்பித்தான் வாக்களித்தாள். அவளுடைய ஒரே மகள் இளவஞ்சி கடல் கடந்த நாட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வர வேண்டியவள். பழைய அலையில் மகளின் முகம் திரையில் வரும், வாயைத் திறந்தபடியே உறைந்து நிற்கும். எதிர்வீட்டுக்காரன் படம் பார்க்க உட்கார்ந்தால் குரலும் போய்விடும். ஏழாம் அலையில் ஊரே ஒன்றாகப் பேசினாலும் நெரிசல் இல்லை என்றார்கள். அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த அலைக்குச் சுவர் ஆகாது. அலைக்கோபுரத்தடியில் சிட்டாகப் பறந்தது, வீட்டுக்குள் நுழைவதற்குள் சோர்ந்து விழுந்தது.

அலைத்துறை அமைச்சர் வெற்றிமுரசு நேரில் வந்து ஆராய்ந்தார்.

"அலையில் குற்றமில்லை. குற்றம் முழுவதும் சுவர்களுடையது" என்று அறிவித்தார்.

"அறைக்கு அறை ஒரு சின்னப் பெட்டி வச்சா போதுங்க ஐயா" என்றார் பொறியாளர் தங்கப்பழம், தயங்கியபடி.

"பெட்டி வைப்பது செலவு. சுவரை இடிப்பது சீர்திருத்தம்."

முதல் ஆணையில் கதவுகள் போயின. அடுத்ததில் உள்சுவர்கள். அப்படியும் மன்னர் மேடையில் சொன்ன வேகம் வராததால் வெளிச்சுவர்களும் போயின. கூரைகள் தாமாகவே இறங்கின. தண்ணீர் அலையை உறிஞ்சுகிறது என்று யாரோ எடுத்துச் சொல்ல, குடங்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். முணுமுணுத்தவர்களுக்குச் சுவர்ப்பற்றாளர்கள் என்று பெயர் வைத்தார்கள்.

மரிக்கொழுந்து இதில் ஒன்றையும் மகளிடம் சொல்லவில்லை. வாயும் வயிறுமாக இருப்பவளிடம் எதைச் சொல்வது? திரையை முகத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு, வீடு வெள்ளையடித்துத் தயாராக இருக்கிறது என்றாள்.

ஏழாம் அலையின் வெற்றி விழா வந்தது. தாயும் மகளும் பேசுவதை நாட்டின் எல்லாத் திரைகளிலும் காட்ட வேண்டும் என்று அமைச்சர் முடிவு செய்தார். மரிக்கொழுந்தைக் கொண்டுவந்து படக்கருவிக்கு முன்னால் நிறுத்தினார்கள். அவள் முகத்தை அதன்மேல் இடித்துவிடுவதுபோல் நெருங்கி நின்றாள்.

"அம்மா! எவ்ளோ தெளிவா தெரியிறே!" என்றாள் இளவஞ்சி. "நாளைக்குக் கப்பல் ஏறுறேன்மா. இனிமே உன் கைச் சோறுதான்."

"வா கண்ணு" என்றாள் தாய்.

அமைச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். "கொஞ்சம் பின்னால போங்கம்மா. படம் எவ்ளோ விரிவா வருதுன்னு நாடு பாக்க வேணாமா?"

மரிக்கொழுந்து யோசித்தாள். இப்போது மறைத்துவிடலாம். நாளை கப்பல் ஏறிவிட்டால்? வந்து இறங்குகிறவள் பிள்ளையை எங்கே பெறுவாள்? இரண்டு காவலர்கள் தன்னை நோக்கி வருவதைப் பார்த்தாள். அவள் பின்னால் போகவில்லை. ஒரேயடியாக விலகி நின்றுவிட்டாள்.

திரையில் குமிழியூர் முழுதாகத் தெரிந்தது. எங்கு பார்த்தாலும் செங்கல் குவியல். வெட்டவெளியில் இரண்டு பெண்கள் ஒரு சேலையை விரித்துப் பிடித்திருக்க, அதன் மறைவில் ஒருத்தி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா... நம்ம வீடு எங்கம்மா?"

குரல் துளியும் தடங்கவில்லை. நாட்டின் கடைசி ஊர்வரை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேட்டது. இளவஞ்சி மறுபடியும் கேட்டாள். கூட்டத்தில் யாரோ விம்மினார்கள்.

"நிறுத்துய்யா அதை!" என்று அலறினார் அமைச்சர்.

"இங்கிருந்து முடியாதுங்க. அரண்மனைக்குள்ளதான் நிறுத்தணும்" என்றார் தங்கப்பழம்.

"அப்ப அங்க சொல்லித் தொலைய்யா!"

அவர் அரண்மனையை அழைக்க முயன்றார், மறுபடியும் முயன்றார். பிறகு கையிலிருந்த பேசும் கருவியை அமைச்சரிடமே நீட்டினார்.

"அங்க மட்டும் சுவரை இடிக்கலையே ஐயா. அலை உள்ள போகமாட்டேங்குது."